கட்டும் அவிழ்ப்பும்: காலணி நாடாவின் சொல்லும் செயலும்

ஒரு தொழிலுக்குரிய சொற்கள் ஒரு மொழியில் உளவா இலவா என ஆராய்வோர் முதற்கண் அகராதியையே நாடுவர். அத்தொழிலின் பெயர் அங்குத் தலைச்சொல்லாக இல்லையெனின், மொழியிலும் அது இல்லையென்று துணிந்து புதுச்சொல் படைக்கப் புகுவர். இம்முறை எல்லாவிடத்தும் பொருந்துவதன்று. ஒரு தொழிலுக்கு வேண்டிய சொல் வேறொரு தொழிலாரின் நாவில் வாழ்ந்துகொண்டிருத்தலும் உண்டு. காலணியின் நாடாவை முடியும் செயலும், அதனோடு ஒத்த கழுத்துப்பட்டி முடிச்சும் இதற்குத் தக்க சான்றாகும்.

பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கு நாடா கட்டக் கற்பிக்கும் தாய், 'இப்படிச் சுற்றி, இப்படி நுழைத்து, இழு' என்று கையாற் காட்டுகிறாளேயன்றிச் சொல்லால் விளக்குவதில்லை. பொருள் மேனாட்டிலிருந்து வந்தது. ஆதலின் அதனைக் கட்டும் முறைக்கும் தமிழிற் சொல் இராது என்பது பலர் எண்ணம். அவ்வெண்ணம் சரியன்று. வேண்டிய சொற்கள் மாட்டுத் தொழுவத்திலும், பூத்தொடுப்போர் கையிலும், யாப்பிலக்கணத்திலும் வழங்கி வருகின்றன. அவற்றை ஓரிடத்தே சேர்த்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நோக்கத்திற்குப் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும் ஏற்ற களமாகும். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிருந்த இந்நிலம் 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் எனப் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007-இல் மறுபடியும் தனித்தது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிப் பகுதி ஒருபால். கொள்ளிடக் கரையை ஒட்டிய நன்செய் மற்றொருபால். சயங்கொண்டம், உடையார்பாளையம் ஆகிய ஊர்களின் வட்டாரத்தில் கைத்தறி நெசவு நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. மாடு கட்டும் கயிறும், மூட்டை கட்டும் சணலும், தறியில் ஓடும் இழையும் இம்மக்களின் கையில் நாளும் பழகுவன. இந்நிலத்திலேதான் அண்மையில் காலணித் தொழில் புகுந்துள்ளது. 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் சிப்காட் வளாகத்தில் காலணிப் பூங்கா ஒன்றற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2024-ஆம் ஆண்டு நவம்பரில், சயங்கொண்டத்தில் ரூ.1,000 கோடி முதலீட்டில் தைவான் நாட்டு நிறுவனமொன்றின் தோலல்லாக் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. உழவிலும் நெசவிலும் பழகிய கைகள் காலணி செய்யப் புகும் இக்காலத்தில், அக்கைகள் முன்னரே அறிந்த சொற்கள் எவை என்று வினவுதல் பொருத்தமுடையது.

கட்டுதற் சொற்கள்

கட்டுதலைக் குறிக்கும் வினைகள் தமிழிற் பல. அவை ஒருபொருள் குறித்த பல சொற்கள் போலத் தோன்றினும் பயன்பாட்டில் வேறுபடுவன. கட்டுதல் என்பது பொதுச்சொல். மாட்டையும் கட்டலாம், வேட்டியையும் கட்டலாம், வீட்டையும் கட்டலாம். தொடுத்தல் என்பது பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தல், பூவைத் தொடுப்பர். பிணைத்தல் என்பது ஒத்த இரண்டனை ஒன்றோடொன்று சேர்த்தல். போரடிக்கும் களத்தில் மாடுகளைப் பிணைத்து ஓட்டினர்; நெசவாளர் பழைய பாவின் இழைமுனையோடு புதிய பாவின் இழைமுனையை முறுக்கிப் பிணைக்கின்றனர். தளைத்தல் என்பது இயக்கத்தைத் தடுக்கக் கட்டுதல். கால்விலங்குக்குத் தளை என்று பெயர். யாத்தல் இன்று பேச்சில் இல்லை. எனினும் எலும்பும் நரம்பும் தசையும் கொண்டு கட்டப்பெற்ற உடம்பு யாக்கை எனவும், சொற்களாற் கட்டப்பெற்ற செய்யுள் யாப்பு எனவும் வழங்கும் பெயர்களில் அது நிலைத்துள்ளது. முடிதல் என்பது நுனிகளைத் தம்முட் கோத்து இறுக்குதல். கூந்தலை முடிவர், முந்தானையில் காசை முடிவர். முடிதல் நிறைவுறுதலையும் குறித்தலின், முடிச்சு என்ற சொல்லில் 'இதற்குமேல் இல்லை' என்னும் உறுதிப்பொருளும் உடன் நிற்கிறது.

அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகையிற் கூறும் செய்யுளுறுப்புகள் ஆறு. அவை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்பன. இவற்றுள் தளையும் தொடையும் கட்டுதல் தொழிலினின்று பிறந்த பெயர்கள். யாப்பு என்னும் நூற்பெயர் தானும் அத்தொழிலின் பெயரே. கயிறு திரிப்போனும் பூத்தொடுப்போனும் செய்த வேலைகளை உற்றுநோக்கியே புலவர் தம் கலைக்குப் பெயரிட்டனர் என்பது இதனாற் புலனாகும். தொழிலாளர் சொல்லை எடுத்து இலக்கணத்திற்குக் கலைச்சொல்லாக்கியவர் நம் முன்னோர். அந்நெறியை நாம் கைவிட வேண்டுவதில்லை.

இனி, காலணி நாடாவில் நிகழும் செயல் ஒன்றன்று, இரண்டு. நாடாவைத் துளைகளில் மாறி மாறிச் செலுத்துதல் முதற்செயல். எஞ்சிய நுனிகளைக் கட்டுதல் இரண்டாவது. முன்னையது கோத்தல்; பின்னையது முடிதல். ஊசியில் நூல் கோத்தலையும் மணி கோத்தலையும் அறிந்த தமிழர்க்கு இவ்வேறுபாடு இயல்பாகவே விளங்கும். பர்க்கார்டு போல்சுடர் என்னும் கணித அறிஞர் 2002-இல் 'நேச்சர்' இதழில், நாடா கோக்கும் முறைகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். நாடாவின் நீளம் மிகக் குறைவாக வேண்டும் கோப்புமுறை வழக்கத்திற் காணப்படாத ஒன்றென்றும், இறுக்கும் ஆற்றலிற் சிறந்தவை மக்கள் கையாண்டுவரும் குறுக்குக்கோப்பும் நேர்க்கோப்புமே என்றும் அவர் கண்டார். கணக்கறியாமற் கைப்பழக்கம் கண்டறிந்ததைக் கணிதம் பின்னர் உறுதி செய்தது.

தொடுதோல்

காலணியைக் கட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. செருப்பு என்பது தமிழிற் பழஞ்சொல். மலையாளத்தில் செரிப்பு எனவும், தெலுங்கில் செப்பு எனவும், கன்னடத்தில் கெர எனவும் இதன் இனச்சொற்கள் வழங்குகின்றன. இதனையன்றித் தொடுதோல் என்னும் சொல்லையும் சங்க இலக்கியத்திற் காண்கிறோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை ஆயர் ஒருவரைக் கூறுமிடத்து, தொடுதோல் பழகியதனால் வடுப்பட்ட வலிய அடியினர் என்கிறது. அந்நூலே வணிகரைக் கூறுமிடத்து, அடியைப் புதைத்து மறைக்கும் அரணம் ஒன்றைக் குறிக்கிறது. முன்னையது வாரால் இறுக்கப்பட்ட செருப்பு. பின்னையது அடியை மூடும் காலணி. வார் காலை அறுத்து வடுச் செய்தது என்னும் செய்தியால், அது தளர்வாக மாட்டப்பட்டதன்று, இறுகக் கட்டப்பட்டது என்பது உய்த்துணரப்படும். பூமாலையைக் குறிக்கும் தொடையும், செய்யுளுறுப்பாகிய தொடையும், காலிற் பூணும் தொடுதோலும் தொடு என்னும் ஓரடியை உடையனவாதல் ஈண்டு நினையத்தக்கது.

பிற்காலத்தே ஐரோப்பியர் வருகையால் மூடுகாலணி புதிய உருவில் வந்தது. போர்த்துகீசியச் சொல்லாகிய சப்பாத்து ஈழத்தமிழரிடையே இன்றும் பெருவழக்காக உள்ளது. தமிழகத்திற் பூட்சு என்றும் ஷூ என்றும் ஆங்கிலச் சொற்கள் வழங்குகின்றன. அதன் கயிற்றை லேசு என்பர். நாடா என்னும் சொல்லோ பாவாடையிலும் சுருக்குப்பையிலும் நெடுங்காலம் பழகியது. காலணிக்கும் அது முற்றும் பொருந்தும்.

முடிச்சும் சுருக்கும்

கட்டுகளைத் தமிழ்மக்கள் பாகுபடுத்தும் முறை வடிவத்தை நோக்கியதன்று. அவிழும் முறையை நோக்கியது. இதுவே இவ்வாராய்ச்சியிற் காணும் தலையாய செய்தியாகும். அவிழா வகையில் இறுகுவது முடிச்சு. இழுத்தவழி ஓடுவது சுருக்கு. சுருக்கினுள்ளும் ஒரு முனையைப் பற்றியிழுத்தால் உருவிக்கொண்டு ஓடுவதை உருவாஞ்சுருக்கு என்பர். உருவுதல் என்பது உறையினின்று வாளையும், கிளையினின்று இலையையும் இழுத்தெடுத்தல். அச்செயலே முடிச்சுக்குப் பெயராயிற்று.

மாடு கட்டுவோன் இவ்வேறுபாட்டை நன்கறிவான். மாட்டின் கழுத்தில் இடும் தும்பு உருவாஞ்சுருக்காக இருத்தல் ஆகாது. மாடு திமிறுந்தோறும் இறுகிக் கழுத்தை நெரித்துவிடும். அங்கு ஓடாத முடிச்சு வேண்டும். முளைக்குச்சியிலோ நிலைமை வேறு. தீப்பிடித்தாலும், வெள்ளம் வந்தாலும், மாடு மிரண்டு கயிற்றிற் சிக்கினாலும், நுனியைப் பற்றி ஒருமுறை இழுத்த அளவில் கயிறு விடுபடல் வேண்டும். ஆதலின் அங்கு நுனியை முழுதும் நுழைத்து இழுக்காமல், மடித்த கண்ணியாகவே செருகி வைப்பர். ஒரே கயிற்றின் ஒரு தலையில் அவிழாமையும் மறுதலையில் எளிதின் அவிழ்தலும் வேண்டப்படுகின்றன. 'தும்பை விட்டு வாலைப் பிடிப்பது' என்னும் பழமொழி, கட்டின் நுட்பமறிந்த உழவர் கூட்டத்தில் பிறந்த மொழியாகும்.

அவிழாத முடிச்சுக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டுத் தாலிக்கு இடும் மூன்று முடிச்சு. முதல் முடிச்சை மணமகன் இடுவதும், எஞ்சியவற்றை அவன் உடன்பிறந்தாள் இடுவதும் பல குடிகளில் வழக்கம். பின்னதை நாத்தனார் முடிச்சு என்பர். அரியலூர் மாவட்டத்துக் கொள்ளிடக் கரைத் தலமாகிய திருமழபாடியில் பங்குனித் திங்களில் நந்தி திருமணம் நடைபெறுகிறது. 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்னும் வழக்கு அவ்வட்டாரத்தில் எல்லோரும் அறிந்ததே. அங்கு வேண்டப்படும் முடிச்சு அவிழாத முடிச்சு. முந்தானையிற் காசு முடிந்த முடிச்சோ, அவிழ்க்கவேண்டிய காலத்து உரியவர் கைக்கு அவிழவேண்டும். பிறர் கைக்கு அவிழலாகாது. அதனைப் பிறர் அவிழ்த்தமையினாலேயே திருடனுக்கு முடிச்சவிழ்க்கி என்றும், முடிச்சுமாறி என்றும் பெயர்கள் தோன்றின.

வினைகளிலும் இந்நுட்பம் உண்டு. முடிச்சுப் போடுதல் வேறு. முடிச்சு விழுதல் வேறு. முன்னையது கருதிச் செய்வது; பின்னையது கருதாது நேர்வது. பாவாடை நாடாவைத் தவறான முனையைப் பற்றி இழுத்தால் முடிச்சு விழுந்துவிட்டது என்பர். கட்டு தானே விடுபடுதலையும் வேறு வேறு சொற்களால் வகுத்துரைப்பர். இறுக்கம் குறைதல் நெகிழ்தல். பூண்ட பொருள் நழுவி நீங்குதல் கழலுதல். கோத்த நுனிகள் பிரிதல் அவிழ்தல். நடக்கும்போது நாடா முதலில் நெகிழ்கிறது, பின்னர் அவிழ்கிறது, இறுதியிற் காலணி கழல்கிறது. மூன்று நிலைக்கும் மூன்று சொற்கள் உள்ளன.

கண்ணி

காலணி நாடாவின் கட்டில் இருபுறமும் இலைபோல் விரிந்து நிற்கும் வளையங்களை எவ்வாறு அழைப்பது? ஆங்கிலச் சொல் வளைவைக் குறிப்பது, வில்லுக்கும் அச்சொல்லே. அதுகொண்டு வில் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழிற் பொருள் விளங்காது. தமிழில் இதற்குக் கண்ணி என்னும் சொல் உண்டு. பறவை பிடிப்போன் வைக்கும் கயிற்று வளையம் கண்ணி. இரண்டிரண்டு பூவாக எதிரெதிர் வைத்து இடைவிட்டுத் தொடுத்த மாலை கண்ணி. சங்ககால வேந்தர் தலையிற் சூடியது அதுவே. இரண்டிரண்டு அடிகளாக அமைந்த செய்யுள் வகைக்கும் கண்ணி என்றே பெயர். வளையமாதலும் இரண்டிரண்டாய் எதிர்நிற்றலும் ஆகிய இருபண்பும் இச்சொல்லில் ஒருங்கே அமைந்துள்ளன. நாடாக் கட்டின் இலக்கணமும் இவ்விரு பண்பே. ஆதலின் அதனை இரட்டைக் கண்ணி முடிச்சு என்று கூறுதல் புதுச்சொல் படைத்தலாகாது. இருக்கும் சொல்லை உரிய இடத்தில் வைத்தலேயாகும்.

பூத்தொடுப்போர் கையை நோக்கினால் இவ்வொப்புமை மேலும் தெளிவாகும். காம்புகள் உள்நோக்க இருபுறமும் பூவை வைத்து, நாரை விரலில் வளையமாக்கி, அவ்வளையத்தைக் காம்புகளின்மேல் மாட்டி இழுக்கின்றனர். நார் முழுவதையும் நுழைப்பதில்லை, வளையத்தையே மாட்டுகின்றனர். நாடா முடிவோனும் நுனி முழுவதையும் நுழைப்பதில்லை, வளையத்தையே நுழைக்கிறான். இரட்டைச் சடையை மடித்துக் கட்டும் தாய்மார், பள்ளிச் சிறுமியின் நாடாவைப் பூப்போலக் கட்டுவதாகக் கூறும் வழக்கும் இதனோடு பொருந்துகிறது. மொட்டு விரிதலையும் கட்டு விடுபடுதலையும் அவிழ்தல் என்னும் ஒரு சொல்லே குறித்தலும் நோக்கத்தக்கது.

முடியும் முறை

இச்சொற்களைக்கொண்டு நாடா முடியும் முறையை விளக்க இயலுமா என்பதே உண்மையான சோதனை. அதனை இங்குச் செய்து காண்போம்.

நாடாவின் வலமுனையை இடமுனையின்மேற் குறுக்காக இட்டு, அடியிற் செலுத்தி வெளியே எடுத்து, இருபுறமும் இழுத்து இறுக்குக. இஃது அடிமுடிச்சு. அடிமுடிச்சு தனியே நில்லாது. கையை எடுத்த அளவில் நெகிழும். அதன்மேல் மற்றொரு முடிச்சு வேண்டும். இப்போது இரு முனைகளையும் தனித்தனியே மடித்துக் கண்ணியாக்குக. இடக்கண்ணியை வலக்கண்ணியின்மேல் இட்டு, முன்போலவே அடியிற் செலுத்தி இழுத்து இறுக்குக. இருபுறமும் இரண்டு கண்ணிகளும், இரண்டு தொங்கல்களும் நிற்கும். தொங்கலைப் பற்றி இழுத்தால் கண்ணி உருவிக்கொண்டு வரும், முடிச்சு அவிழும். ஒரு கண்ணியை மட்டும் ஆக்கி மற்ற முனையால் அதனைச் சுற்றி நுழைக்கும் முறையும் உண்டு, விளைவு ஒன்றே. எனவே இம்முடிச்சு, அடியிற் கட்டும் மேலே இரண்டு உருவுகண்ணிகளும் உடையது. உழவன் முளைக்குச்சியில் ஒரு கண்ணியாற் செய்ததை நாடாவில் இரண்டு கண்ணிகளாற் செய்கிறோம்.

இதில் மறவாதிருக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. முதன்முறை வலம் இடத்தின்மேல் சென்றால், இரண்டாம் முறை இடம் வலத்தின்மேல் செல்லவேண்டும். வேறு வகையாகக் கூறின், முதலில் மேலே சென்ற முனையே இரண்டாவதிலும் மேலே செல்லவேண்டும். இம்மாற்றம் இன்றி இருமுறையும் வலத்தையே மேலிட்டால், தோற்றத்தில் ஒத்ததாயினும் உறுதியற்ற முடிச்சே அமையும். சரியான முடிச்சை மாற்றுக்கட்டு என்றும், பிழைபட்டதை ஒருபோக்குக் கட்டு என்றும் கூறலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் எளிது. மாற்றுக்கட்டில் கண்ணிகள் காலணியின் குறுக்காக, இடமும் வலமும் நோக்கி நிற்கும். ஒருபோக்குக் கட்டில் அவை சாய்ந்து, ஒன்று விரலையும் மற்றொன்று குதிகாலையும் நோக்கித் திரும்பும். நாள்தோறும் நாடா அவிழ்கிறதென வருந்தும் சிறுவன் தன் காலைக் குனிந்து நோக்கினாற் போதும். பிழை கண்ணிகளின் போக்கிலேயே தெரியும். முதற்கட்டின் திசையை மாற்றிக்கொள்ளுதலே அதற்குத் தீர்வு.

நாடா ஏன் அவிழ்கிறது என்பதை, பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் ஆய்வாளர் மூவர் 2017-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அடி நிலத்தில் மோதுந்தோறும், புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு விசை முடிச்சைத் தாக்குகிறது. அதனால் முடிச்சு நெகிழ்கிறது. கால் முன்னும் பின்னும் வீசப்படுந்தோறும் தொங்கும் நுனிகள் தம்மைத்தாமே இழுத்துக்கொள்கின்றன; அதனாற் கண்ணி உருவுகிறது. மோதலும் வீச்சும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றி முடிச்சு எளிதில் அவிழ்வதில்லை. ஒருபோக்குக் கட்டு விரைந்து அவிழ்தலையும், மாற்றுக்கட்டு நெடுநேரம் நிற்றலையும் அவர்கள் கண்டனர். நெகிழ்தல் முன்னும் அவிழ்தல் பின்னும் நிகழும் என்று நம் வழக்குச் சொற்கள் வகுத்தமை இவ்வாராய்ச்சியோடு ஒத்திருக்கிறது.

கழுத்துப்பட்டி முடிச்சு

'போ டை' என வழங்கும் கழுத்துப்பட்டியின் முடிச்சும் இதுவே. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டிற் பணிபுரிந்த குரோவாசியப் படைவீரர் கழுத்திற் கட்டிய துணியினின்று மேனாட்டுக் கழுத்துப்பட்டிகள் தோன்றின என்பர்; 'கிராவத்து' என்னும் பிரெஞ்சுச் சொல் அவ்வினப் பெயரின் திரிபு. பட்டியின் ஒரு முனையைச் சற்று நீளமாக விட்டு, அதனைக் குறுமுனையின்மேற் குறுக்காக இட்டு அடியிலிருந்து மேலே எடுப்பர். இஃது அடிமுடிச்சு. குறுமுனையை மடித்துக் கழுத்தின் முன்னே கிடையாகப் பிடித்தால் முதற்கண்ணி அமையும். நெடுமுனையை அதன் நடுவே முன்புறமாக இறக்கி, பின் அதனையும் மடித்து, முதற்கண்ணியின் பின்புறத்து உண்டாகும் இடைவெளியில் நுழைத்தால் இரண்டாம் கண்ணி அமையும். காலணி நாடாவினின்று இது வேறுபடுவது இரண்டு வகையில் மட்டுமே. நாடா ஒடுங்கியது, பட்டி அகன்றது. நாடாவைக் கண்ணாற் கண்டு கட்டுகிறோம், பட்டியைக் கழுத்தின்கீழ்க் கைத்தடவலாற் கட்டுகிறோம். காலிற் கட்டத் தெரிந்தவன் கழுத்திலும் கட்டுவான். கண்ணாடியை நோக்கித் திகைப்பானேயானால், தன் தொடையிற் பட்டியைச் சுற்றி ஒருமுறை முடிந்து பார்ப்பது போதும்.

ஆயினும் இம்முடிச்சை இடுவோர் குறைந்து வருகின்றனர். திருமண வரவேற்பில் அணியும் இத்தகைய பட்டிகளிற் பல முன்னரே முடிந்து, கொக்கி வைத்து விற்கப்படுவன. பள்ளிச் சிறுவரின் கழுத்துப்பட்டிகளிலும் எலாஸ்டிக் நாடா தைக்கப்படுகிறது. சுவிட்சர்லாந்து நாட்டினராகிய சார்சு தெ மெசுத்திரால் கண்டறிந்து 1955-இல் காப்புரிமை பெற்ற ஒட்டுப்பட்டை, 'வெல்க்ரோ' என்னும் பெயரால் சிறுவர் காலணிகளிற் புகுந்து நாடாவை நீக்கிவிட்டது. எறையூரில் ஆலை அமைத்துச் செய்யத் தொடங்கிய 'கிராக்சு' காலணியோ அச்சில் வார்க்கப்படுவது. அதற்கு நாடாவே இல்லை. காலணி செய்யும் தொழில் இம்மாவட்டத்திற்கு வந்த காலமும், காலணியைக் கட்டும் செயல் அருகிவரும் காலமும் ஒன்றாக அமைந்துள்ளன.

சொல்லும் மதிப்பும்

முடிச்சு அருகினால் சொல்லும் அருகும். இஃது ஓர் எளிய இழப்பன்று. காலணி அணிதல் நம் நாட்டில் வெறும் உடைப்பழக்கமாக இருந்ததில்லை. ஊர்த்தெருவிற் செருப்பணிந்து நடத்தல் ஒருசாரார்க்கு மறுக்கப்பட்டிருந்தது. தோலைப் பதனிட்டு, குத்தூசியால் துளையிட்டு, வாரிழுத்துத் தைத்துத் தந்தவரே தாம் தைத்ததைக் காலில் இட்டுப் பிறர்முன் நடக்க இயலாதிருந்தனர். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்புத் தீண்டாமையை ஒழித்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு விலையின்றிக் காலணி வழங்கும் திட்டத்தையும் தமிழக அரசு நடத்திவந்துள்ளது. மறுக்கப்பட்ட காலணியை இன்று உரிமையாகப் பெறும் சிறுவனுக்கு, அதனைக் கட்டும் முறையையும் அவன் வீட்டு மொழியிலேயே கூறவேண்டும். அவன் தந்தை மாடு கட்டும் சொல்லும், தாய் பூக்கட்டும் சொல்லும் அவன் காலணிக்கும் உரியன என்று கேட்பானாயின், அப்பொருள் அயலது என்னும் கூச்சம் நீங்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924-க்கும் 1936-க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பெருமையை மறுப்பாரில்லை. ஆயினும் நூல் வழக்கை முதன்மையாகக் கொண்ட எந்த அகராதியிலும் கைத்தொழிலாளர் சொல் முழுமையும் அடங்குதல் அரிது. கிளிபோர்டு ஆஷ்லி என்னும் அமெரிக்கர் 1944-இல் ஏறத்தாழ 3,900 முடிச்சுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டபோது, அவற்றுட் பலவற்றைத் தொழில்வாரியாக வகுத்தார். மாலுமி, உழவர், நெசவாளர், செருப்புத் தைப்போர் எனத் தொழில்தோறும் சென்று தொகுத்ததே அந்நூலின் சிறப்பு. தமிழிலும் அத்தகைய தொகுப்பு வேண்டும். அது நூலகத்தில் நிறைவுறும் பணியன்று. தொழுவத்திற்கும் தறிக்கும் பூக்கடைக்கும் செருப்புத் தைப்போர் அமர்ந்திருக்கும் தெருவோரத்திற்கும் சென்று செய்யவேண்டிய பணி.

அதற்கு முதற்படியாக இக்கட்டுரையிற் கண்ட சொற்களைத் தொகுத்துரைக்கலாம். கயிறு நாடா, அது நுழையும் துளை கண், கீழே நிற்கும் தோல் நாக்கு, துளைகளிற் செலுத்துதல் கோத்தல், நுனிகளைக் கட்டுதல் முடிதல், முதற்கட்டு அடிமுடிச்சு, மேலெழும் வளையம் கண்ணி, இரண்டு கண்ணியுடையது இரட்டைக் கண்ணி முடிச்சு, இழுத்து அவிழ்க்கும் முனை உருவுமுனை, திசை மாற்றிக் கட்டியது மாற்றுக்கட்டு, மாற்றாது கட்டியது ஒருபோக்குக் கட்டு. இவற்றுள் அடிமுடிச்சு, உருவுமுனை, மாற்றுக்கட்டு, ஒருபோக்குக் கட்டு ஆகிய நான்கும் பழைய சொற்களைச் சேர்த்து அமைத்தவை. இரட்டைக் கண்ணி முடிச்சின் கூறுகள் அனைத்தும் வழக்கிலுள்ளவை. ஏனையவை எல்லோரும் அறிந்தவை. பள்ளியின் தொடக்க வகுப்பில் ஆசிரியர் இச்சொற்களைக் கையாண்டு நாடா கட்டும் முறையை ஒருமுறை கற்பித்தால், அவை மாணவர் நாவில் நிலைபெறும். சயங்கொண்டத்து ஆலையில் நாளை பணிபுரியப்போகும் பெண், தான் காலணியிற் கோக்கும் நாடாவின் ஒவ்வொரு வளைவுக்கும் தன் ஊர்ச்சொல் உண்டென அறிதல் வேண்டும். அவள் பாட்டி தும்பிலிட்ட முடிச்சின் பெயரை இன்றே கேட்டுக் குறித்துக்கொள்வார் யாரேனும் இருந்தால், அது கைகூடும்.